திருமண ஒளிப்படவியலில் கைமுறைக் குவிப்பு வில்லைகள்

கைமுறைக் குவிப்பு வில்லை என்பது, படமெடுப்பவர் தம் கையால் வளையத்தைத் திருகிக் கூர்மையை அமைத்துக்கொள்ள வேண்டிய ஒளிப்படக்கருவி வில்லை ஆகும். பேச்சு வழக்கில் வில்லை லென்ஸ் என்றும், கூர்மை அமைத்தல் ஃபோக்கஸ் செய்தல் என்றும் வழங்கப்படுகின்றன. 1980-களின் நடுப்பகுதி வரை தொழில்முறைத் திருமணப் படங்கள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வகை வில்லைகளாலேயே எடுக்கப்பட்டன. தன்னியக்கக் குவிப்பு பரவியபின் இவை இத்தொழிலில் இருந்து பெரிதும் விலகின. 2010-க்குப் பின் ஆடியற்ற ஒளிப்படக்கருவிகள் வந்ததனால் ஒரு பகுதிக் கலைஞர்களிடம் மீண்டும் இடம்பெற்றுள்ளன.

கட்டடத்தையோ மலரையோ படமெடுப்பவர் கூர்மை தவறினால் மற்றொரு படம் எடுத்துக்கொள்ளலாம். திருமணத்தில் அதற்கு இடமில்லை. தாலி கட்டுதல், மோதிரம் மாற்றுதல், மகளை அனுப்பிவைக்கும் தந்தையின் முகம் ஆகியவை ஒருமுறையே நிகழ்பவை. ஆகவே இத்துறையில் கைமுறைக் குவிப்பைப் பற்றிய கேள்வி, அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதன்று. எந்தத் தருணத்தில் கையை நம்பலாம், எந்தத் தருணத்தில் நம்பக்கூடாது என்பதே கேள்வியாகும்.

புல ஆழம்

ஒரு வில்லை ஒரு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள தளத்தை மட்டுமே முழுக் கூர்மையுடன் பதிவு செய்யும். அத்தளத்திற்கு முன்னும் பின்னும் கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றும் பகுதி புல ஆழம் எனப்படுகின்றது. குவியத் தூரம் கூடினாலும், துவாரம் அகன்றாலும், பொருள் அருகில் வந்தாலும் புல ஆழம் குறையும்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். 24×36 மி.மீ. உணரி கொண்ட கருவியில் 85 மி.மீ. வில்லையை எஃப்/1.4 துவாரத்தில் வைத்து, 2 மீட்டர் தொலைவில் உள்ள மணமகளைப் படமெடுத்தால் புல ஆழம் ஏறத்தாழ 4.5 செ.மீ. மட்டுமே. இது மூக்கு நுனியில் இருந்து காது வரையுள்ள தொலைவைவிடக் குறைவு. அதே வில்லையை எஃப்/2.8-இல் வைத்தால் 9 செ.மீ. கிடைக்கும். மாறாக 35 மி.மீ. வில்லையை எஃப்/8-இல் வைத்து 3 மீட்டருக்குக் குவித்தால், ஏறத்தாழ 1.9 மீட்டரில் இருந்து 7.2 மீட்டர் வரை அனைத்தும் கூர்மையாக அமையும். முதல் நிலையில் வளையத்தில் ஏற்படும் மிகச் சிறிய பிழையும் படத்தைக் கெடுத்துவிடும். இரண்டாம் நிலையில் வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. பழைய கலைஞர்கள் கைமுறை வில்லைகளால் நம்பகமாகப் பணியாற்றியதற்கு அவர்களுடைய கைத்திறன் மட்டுமன்றி, அவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே வேலை செய்தனர் என்பதும் காரணமாகும். இதனை இன்று பலர் மறந்துவிடுகின்றனர்.

மேற்கூறிய எண்கள் 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஏறத்தாழ 8×10 அங்குல அச்சுப்படத்தைக் கையில் வைத்துப் பார்க்கும் நிலைக்கு இவ்வளவு பொருந்தும். இந்தியாவில் கரிஷ்மா ஆல்பம் என்று அழைக்கப்படும் திருமணத் தொகுப்புகளில் இரு பக்கங்களும் சேர்ந்து 12×36 அங்குலம் இருப்பது வழக்கம். ஒரே படத்தை அவ்வகலம் முழுவதும் பரப்பி, அதே தொலைவில் இருந்து பார்த்தால் கூர்மையாகத் தோன்றும் பகுதி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கருவியின் பின்புறத் திரையில் நன்றாகத் தெரிந்த படம் தொகுப்பில் மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வில்லையின் அமைப்பு

கைமுறை வில்லைகளில் வளையம், வில்லைக் கூட்டத்தைத் திருகுச் சுருள் ஒன்றின் மூலம் நேரடியாக முன்னும் பின்னும் நகர்த்துகின்றது. மிக அருகில் இருந்து முடிவிலி வரை செல்ல, பல வில்லைகளில் வளையத்தை அரைச் சுற்றோ அதற்கு மேலோ திருப்ப வேண்டியிருக்கும். இதனால் நுண்ணிய திருத்தங்கள் எளிதாகின்றன. தன்னியக்க வில்லைகள் விரைவை முதன்மையாகக் கொண்டவை என்பதால் அவற்றின் சுழற்சி பெரும்பாலும் மிகக் குறுகியது. புதிய ஆடியற்ற கருவிகளுக்கான வில்லைகள் பலவற்றில் வளையம் ஒரு மின் கட்டளையை மட்டுமே அனுப்புகின்றது. வளையத்தை எவ்வளவு விரைவாகத் திருப்பினோம் என்பதைப் பொறுத்து நகர்வு மாறுவதால், விரல்கள் பழகிக்கொள்ள முடிவதில்லை. தன்னியக்க வில்லையைக் கைமுறைக்கு மாற்றிப் பயன்படுத்துவதும் உண்மையான கைமுறை வில்லையைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல எனக் கூறப்படுவது இதனால்தான்.

வில்லையின் மேல் பொறிக்கப்பட்டுள்ள தொலைவு அளவுகோலும் புல ஆழக் கோடுகளும் மற்றொரு பயனாகும். பார்வைச் சாளரத்தில் கண்ணை வைக்காமலே, மேலிருந்து வில்லையைப் பார்த்து எங்கிருந்து எங்குவரை கூர்மை கிடைக்கும் என்பதை அறியலாம்.

நிக்கான் வில்லைகளும் கேனான் வில்லைகளும் எதிரெதிர்த் திசைகளில் திரும்புகின்றன. இரண்டையும் ஒரே நாளில் கலந்து பயன்படுத்துபவர் அவசரத்தில் தவறான பக்கம் திருப்புவது இயல்பு. திருமணத்திற்கு எடுத்துச்செல்லும் கைமுறை வில்லைகள் ஒரே திசையில் திரும்புபவையாக இருத்தல் நன்று.

வரலாறு

சுருளுக்கு 12 சதுரப் படங்கள் தரும் 120 வகைப் படச்சுருளைப் பயன்படுத்திய இரட்டை வில்லைக் கருவிகளும், 1957-இல் வெளிவந்த ஹாசல்பிளாட் 500 சி வரிசைக் கருவிகளும் திருமணப் படங்களுக்குப் பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டன. இவற்றில் கலைஞர் இடுப்பளவில் கருவியைப் பிடித்து, மேலிருந்து தேய்கண்ணாடித் திரையைக் குனிந்து பார்த்துக் குவிப்பார். 35 மி.மீ. கருவிகளில் 1954-இல் வெளிவந்த லைக்கா எம்3 போன்ற தொலைவுமானிக் கருவிகளும், பின்னர் 1976-இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே1000, 1982-இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 போன்ற ஒற்றை வில்லைத் தெறிப்புக் கருவிகளும் புகழ்பெற்றவை.

அக்காலத்தில் குவிப்பு வளையம் கூர்மைக்கு மட்டுமன்றி ஒளி அளவிற்கும் வழிகாட்டியது. பிளாஷ் கருவியின் வழிகாட்டு எண்ணைத் தொலைவால் வகுத்தால் துவார எண் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100 படச்சுருளுக்கு வழிகாட்டு எண் 32 எனில், 4 மீட்டரில் உள்ளவருக்கு எஃப்/8 வைக்க வேண்டும். தொலைவை வில்லையின் அளவுகோலில் படித்து, துவாரத்தை அதற்கேற்பத் திருப்புவது திருமணக் கலைஞர்களின் அன்றாடப் பழக்கமாக இருந்தது. நிக்கான் நிறுவனம் 1960-களின் இறுதியில் வெளியிட்ட ஜிஎன் நிக்கோர் 45 மி.மீ. வில்லையில், குவிப்பு வளையத்தைத் திருப்பினால் துவாரமும் தானாக மாறும்படி இரண்டும் இணைக்கப்பட்டிருந்தன.

1977-இல் வெளிவந்த கொனிகா சி35 ஏஎஃப், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தன்னியக்கக் குவிப்புக் கருவியாகும். எனினும் தொழிலை மாற்றியது 1985-இல் வந்த மினோல்டா 7000 எனலாம். குவிப்பு இயந்திரத்தைக் கருவியின் உடலுக்குள்ளேயே வைத்த இந்த ஒற்றை வில்லைத் தெறிப்புக் கருவி வணிகத்தில் பெருவெற்றி பெற்றது. 1987-இல் கேனான் தன் எஃப்டி வில்லைப் பொருத்தியைக் கைவிட்டு, ஈஓஎஸ் என்னும் புதிய முறைக்கு மாறியது. கையில் இருந்த எஃப்டி வில்லைகள் புதிய கருவிகளில் நேரடியாகப் பொருந்தாததால், அவற்றை வாங்கியிருந்த கலைஞர்கள் பெரும் இழப்பிற்கு உள்ளாயினர். நிக்கான் 1959 முதல் வந்த எஃப் பொருத்தியையே தொடர்ந்தது. ஹாசல்பிளாட் தன் தன்னியக்கக் குவிப்புக் கருவியான எச்1-ஐ 2002-இல்தான் வெளியிட்டது.

பார்வைச் சாளரத்தின் பங்கு

கைமுறைக் குவிப்பின் துல்லியம் வில்லையில் பாதி, கலைஞர் எதன் வழியாகப் பார்க்கிறார் என்பதில் பாதி. பழைய ஒற்றை வில்லைத் தெறிப்புக் கருவிகளின் குவிப்புத் திரை நடுவில் பிளவுப் பிம்ப வட்டம் ஒன்று இருந்தது. கூர்மை தவறியிருந்தால் செங்குத்துக் கோடுகள் இரண்டாக முறிந்து தெரியும். வளையத்தைத் திருப்ப அவை ஒன்றிவிடும். மணமகளின் கண்ணில் இதனைச் செய்வது கடினம். நெற்றிச்சுட்டியின் சங்கிலி, மூக்கின் விளிம்பு, மணமகன் சட்டையின் கழுத்துப்பட்டி ஆகியவை எளிய இலக்குகள்.

வட்டம் நடுவில் இருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு. முகத்தை நடுவில் வைத்துக் குவித்தபின், படச்சட்டத்தைச் சரிசெய்யக் கருவியைச் சற்றுத் திருப்பும்போது கூர்மைத் தளமும் உடன் திரும்பிவிடும். 2 மீட்டர் தொலைவில் 10 பாகை திருப்பினால் பிழை ஏறத்தாழ 3 செ.மீ. ஆகும். எஃப்/8-இல் இது ஒரு பொருட்டன்று. 85 மி.மீ. வில்லையில் எஃப்/1.4 எனில், கண் கூர்மைப் பகுதிக்கு வெளியே போய்விடும்.

தன்னியக்கக் காலத்து எண்ணிம ஒற்றை வில்லைத் தெறிப்புக் கருவிகளில் பிளவுப் பிம்பம் நீக்கப்பட்டது. திரை வெளிச்சமாகத் தெரிவதற்காக நுண்வில்லை அமைப்புடன் செய்யப்பட்டதால், அத்திரைகள் ஏறத்தாழ எஃப்/2.8 அளவிலான புல ஆழத்தையே காட்டுகின்றன. எஃப்/1.4 வில்லையைப் பொருத்தியவர் தம் கண்ணால் கூர்மையைக் கண்டு படமெடுத்தும் படம் மங்கலாக வருவது இதனால் நேர்கின்றது. 2005-இல் வந்த கேனான் 5டி போன்ற சில கருவிகளுக்கு மாற்றுத் திரைகள் விற்கப்பட்டன. நிக்கான் கருவிகளில் சாளரத்தின் ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளி, கைமுறை வில்லைக்கும் குவிப்பை உறுதி செய்யும். ஆனால் வளையத்தைச் சிறிது திருப்பிய பின்னும் அப்புள்ளி அணையாமல் இருப்பதால், அகன்ற துவாரத்தில் அதனை முழுமையாக நம்ப இயலாது.

தொலைவுமானிக் கருவியில் பார்வை வில்லையின் வழியாகச் செல்வதில்லை. தனிச் சாளரத்தில் தெரியும் இரு பிம்பங்களை ஒன்றாக்கினால் குவிப்பு முடிந்தது. வில்லையின் துவாரம் எதுவாயினும் சாளரத்தின் வெளிச்சம் மாறாது என்பதால், தேவாலயம் போன்ற மங்கிய இடங்களில் 28 முதல் 50 மி.மீ. வரையுள்ள வில்லைகளுக்கு இது மிகத் துல்லியமானது. நீண்ட குவியத் தூர வில்லைகளுக்குப் பொருந்தாது.

ஆடியற்ற கருவிகள்

ஆடியை நீக்கியதால் வில்லைப் பொருத்திக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவு குறைந்தது. நிக்கான் எஃப் பொருத்தியில் 46.5 மி.மீ. ஆக இருந்த இத்தொலைவு, சோனி ஈ பொருத்தியில் 18 மி.மீ. மட்டுமே. இடைவெளியை அடாப்டர் எனப்படும் இணைப்பு வளையத்தால் நிரப்பி, ஏறத்தாழ எந்தப் பழைய 35 மி.மீ. வில்லையையும் பொருத்தலாம். 1987-இல் கைவிடப்பட்ட எஃப்டி வில்லைகளுக்கும் இவ்வாறே மறுவாழ்வு கிடைத்தது. 24×36 மி.மீ. உணரியுடன் 2013-இல் வந்த சோனி ஆல்ஃபா 7 இதனைப் பரவலாக்கியது.

மின்னணுச் சாளரம் உணரி காண்பதையே காட்டுகின்றது. அதனால் பழைய திரையின் பிழை இங்கில்லை. படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் கண்ணிமை தெரியும் அளவிற்குக் குவிக்கலாம். ஆயினும் பெரிதாக்கிய நிலையில் மற்ற பகுதிகள் தெரியா. மணமகன் சிரிப்பதை அந்நேரத்தில் தவறவிடக்கூடும்.

மற்றொரு உதவி ஃபோக்கஸ் பீக்கிங் எனப்படும் விளிம்பு மிளிர்வு. கூர்மையான விளிம்புகளைக் கருவி சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் ஒளிரச் செய்யும். இது மாறுபாடு மிக்க விளிம்புகளைத் தேடும் கணிப்புமுறையே தவிர, குவிப்பை அளப்பதன்று. காஞ்சிப் பட்டின் சரிகை, கல் பதித்த அட்டிகை, மல்லிகைச் சரம் ஆகியவை சற்றே கூர்மை தவறிய நிலையிலும் மிளிரும். கண்ணோ மென்மையான மாறுபாடு உடையது. சாளரம் முழுவதும் சிவப்பாய் ஒளிர்ந்து, படத்தில் அட்டிகை மட்டும் கூர்மையாக அமைவது பட்டுடுத்திய மணமகளைப் படமெடுப்பவர்களுக்கு நன்கு தெரிந்த ஏமாற்றம். மிளிர்வின் உணர்திறனைத் தாழ்ந்த நிலையில் வைத்து, முகத்திற்கு மட்டும் பெரிதாக்கலைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

முகூர்த்த நேரம்

தமிழர் திருமணங்களில் கைமுறைக் குவிப்பிற்குக் கடுமையான சோதனையும், விந்தையாக அதற்கு மிகப் பொருத்தமான இடமும் தாலி கட்டும் நேரமே ஆகும். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் மேடையைச் சுற்றி நிற்பவர்கள் அட்சதை தூவுகின்றனர். உறவினரின் கைகளும் கைப்பேசிகளும் வில்லைக்கு முன் நீளுகின்றன. ஓமப்புகை மாறுபாட்டைக் குறைக்கின்றது. தன்னியக்கக் குவிப்பு, குறிப்பாகப் பழைய கருவிகளில், பறக்கும் அரிசியையோ குறுக்கே வந்த கையையோ பிடித்துக்கொண்டு மணமக்களை விட்டுவிடலாம், அல்லது புகையில் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையலாம்.

இங்கு மணமக்கள் நகர்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அமரும் இடம் முன்னரே தெரியும். தாலி தட்டில் வைக்கப்பட்டு, பெரியோர்களின் ஆசிக்காகச் சபையில் கொண்டுசெல்லப்படும் சில நிமிடங்கள் கலைஞருக்குக் கிடைக்கின்றன. அப்போது மணமகளின் கழுத்தளவிற்குக் குவித்து வைத்துவிடலாம். 35 மி.மீ. வில்லை, எஃப்/5.6, 2 மீட்டர் எனில் ஏறத்தாழ 1.6 மீட்டரில் இருந்து 2.75 மீட்டர் வரை கூர்மை கிடைக்கும். மணமகளின் முகம், மணமகனின் கைகள், மூன்றாம் முடிச்சிடப் பின்னால் நிற்கும் நாத்தனார் ஆகிய அனைவரும் இதற்குள் அடங்குவர். அதன்பின் எத்தனை கைகள் குறுக்கே வந்தாலும் வில்லை தன் நிலையை விட்டு அசையாது. கலைஞர் செய்ய வேண்டியது தாம் நிற்கும் இடத்தைக் காத்துக்கொள்வதே. கூட்டம் பின்னுக்குத் தள்ளி அரை மீட்டர் நகர்ந்தாலும் மணமக்கள் எல்லைக்குள்ளேயே இருப்பர். எஃப்/1.4-இல் இந்தப் பாதுகாப்பு சிறிதும் இல்லை. முகூர்த்தத்தை அகன்ற துவாரத்தில், கைமுறையில் எடுக்க முயல்வது பிறருடைய நினைவை வைத்துச் சூதாடுவதாகும்.

வரவேற்பு மேடையில் நிலைமை இன்னும் எளிது. பரிசளிக்க வரும் விருந்தினர் நூற்றுக்கணக்கானோர் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றனர். ஒருமுறை எஃப்/8-இல் குவித்து, வளையம் நகராதபடி சிறு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் மாலை முழுவதும் போதுமானது.

கைமுறை பொருந்தாத தருணங்கள்

மணமகள் மேடையை நோக்கி நடந்து வருதல், மாலை மாற்றும்போது மாமன்மார் தூக்கி ஆட்டுதல், நடனம், ஓடும் குழந்தைகள் ஆகியவற்றில் கணக்கு கைக்கு எதிரானது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்கி வருபவர், 4.5 செ.மீ. புல ஆழத்தை இருபதில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுவார். மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகின்றது. கைமுறையில் எடுப்பவர் ஆளைப் பின்தொடராமல், ஓரிடத்திற்கு முன்னரே குவித்துவிட்டு அங்கே வரும் வரை காத்திருக்க வேண்டும். கம்பள விரிப்பின் மடிப்பு, வாயிலில் கட்டிய வாழைமரம் போன்றவை அதற்கு அடையாளமாகின்றன. இவ்வாறு ஒரு நல்ல படம் கிடைக்கும். தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் கிடைக்கா.

கண்ணைத் தானே கண்டறிந்து பின்தொடரும் தன்னியக்கக் குவிப்பு, 2018-இல் வந்த சோனி ஆல்ஃபா 7 III போன்ற கருவிகளால் திருமணக் கலைஞர்களிடையே பரவியபின், அகன்ற துவாரத்தில் எடுக்கும் முகப்படங்களிலும் கைமுறைக்கு இருந்த வாதங்கள் பல வலுவிழந்தன. கைமுறை வில்லையை மட்டும் கொண்டு முழுத் திருமணத்தையும் தனியாளாக எடுக்க ஒப்புக்கொள்பவர் மிகச் சிலரே. சடங்குகளை எடுக்க ஒருவர், இயல்பான தருணங்களைப் பிடிக்கும் கேண்டிட் கலைஞர் ஒருவர் என்று பணி பிரிக்கப்படும் இடங்களில், இரண்டாமவர் ஒரு கருவியில் தன்னியக்க வில்லையும் மற்றொன்றில் கைமுறை வில்லையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

பயன்படும் வில்லைகள்

நிக்கோர் 105 மி.மீ. எஃப்/2.5 முகப்படங்களுக்குப் பெயர்பெற்ற பழைய வில்லை. சோவியத் ஒன்றியத்தில் உருவான ஹீலியோஸ் 44, பின்னணியைச் சுழல்போலக் காட்டும் தன்மைக்காக இணையர் படங்களில் விரும்பப்படுகின்றது. இத்தன்மை தோட்டத்து இலைகளின் முன் அழகு. மண்டபத்துச் சீரியல் விளக்குகளின் முன் சில வேளைகளில் தலைசுற்ற வைக்கும். புதிதாகச் செய்யப்படும் கைமுறை வில்லைகளில் ஃபோக்ட்லெண்டர் பெயரில் கோசினா நிறுவனம் தயாரிப்பவையும் லைக்கா எம் வில்லைகளும் குறிப்பிடத்தக்கவை.

எண்ணிமக் கருவியில் பொருத்தும்முன் ஒளியளவி இயங்குமா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நிக்கான் டி200, டி300, டி700 ஆகியவை 1977 முதல் வந்த ஏஐ வகை வில்லைகளுடன் ஒளியை அளக்கும். டி40, டி3100 போன்றவை அளப்பதில்லை. மின்தொடர்பற்ற வில்லையின் குவியத் தூரம் கருவிக்குத் தெரியாது என்பதால், உடலில் அதிர்வு நிலைப்படுத்தி உள்ள கருவிகளில் அதனைப் பட்டியலில் கையால் உள்ளிட வேண்டும். 35-இல் இருந்து 85-க்கு வில்லையை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால், நிலைப்படுத்தி தவறான அளவில் இயங்கிப் படம் அசைந்து தெரியும். குவிப்புப் பிழை என்று எண்ணி வளையத்தையே பலர் குறைகூறுவர்.

பழைய வில்லைகளை வாங்கும்போது உட்புறத்தில் பூஞ்சை படர்ந்துள்ளதா என விளக்கொளியில் பார்த்தல் இன்றியமையாதது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஈரப்பதம் மிக்க கடலோர நகரங்களில் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்ட வில்லைகள் எளிதில் பூஞ்சைக்கு உள்ளாகின்றன. துவார இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை மெதுவாக மூடும். திருகுச் சுருளின் மசகு காய்ந்து இறுகிய வில்லை, மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது பெரிய குறையாகத் தோன்றாது. மேளம் முழங்கும் நேரத்தில் அதைத் திருப்பும் விரலுக்கே அதன் கடினம் தெரியும் என்பதால், பணிக்கு எடுத்துச்செல்லும் முன் துப்புரவு செய்து புதிய மசகு இட்டுக்கொள்ள வேண்டும்.